காரணம், ஒரு சாண் கோட்டில்

நான்காம் பக்கத்தில் ஒரு கோடு விட்டிருக்கிறீர்கள், பூல்க்கினென்.
"மாற்றத்துக்கான காரணம்."
கையை விரித்து அளந்து பார்த்தேன்: ஒரு சாண்.
புரொப்பெல்லர் ஷாஃப்டிலிருந்து
நாங்கள் வெட்டி எறிந்ததே இரண்டு சாண்.

மற்றதெல்லாம் எழுதிவிட்டேன்.
வண்டி: ஓப்பல் கடெட், எண்பத்தெட்டாம் வருடத்தது.
நிறம்: பதிவேட்டில் சிவப்பு,
நேரில் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.
உரிமையாளர்: தூலிக்கி ஹெய்க்குரா,
நகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள், கூஹ்மோ.
பின் அச்சு: செத்துப்போன ஒரு வோல்வோவிலிருந்து.
கியர்பாக்ஸ்: அதே பிணம்.

எஞ்சின் குறுக்கே கிடந்தது,
என் முதல் கணவர் கட்டிலில் கிடந்ததுபோல.
சங்கிலி போட்டுத் தூக்கி நேராக்கினோம்.
நேராக்கியதும் இடம் போதவில்லை.
கால் பக்கத் தகரத்தைச் சம்மட்டியால் உள்ளே தள்ளினோம்.
ஆயில் சேம்பர் ஸ்டியரிங்கில் இடித்தது,
சேம்பரை அறுத்து ஒட்டினோம்.
பெட்ரோல் டேங்க் இருந்த இடம் டிஃபரன்ஷியலுக்கு வேண்டியிருந்தது,
டேங்க் டிக்கிக்குப் போனது.
டேங்க் போனதால் பின் சீட் போனது.
பின் சீட் போனதால் என் நாத்தனார் இப்போது பேசுவதில்லை.

நடுத் தரையை நீளவாக்கில் பிளந்த அன்று
வண்டி ஒரு அங்குலம் தொய்ந்தது.
இருவரும் பார்த்தோம். இருவரும் பார்க்காததுபோல் காப்பி குடித்தோம்.

வெல்டிங்கின்போது என்ஸியோ வாய் திறக்க மாட்டான்.
ஒரே ஒருமுறை, முகமூடிக்குள்ளிருந்து:
"பின்சக்கர வண்டியாகவே ஒன்று வாங்கியிருக்கலாமே?"
பெட்ரோல் பங்க் பெண் கேட்டாள்.
பல் மருத்துவர் கேட்டார், என் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு.
வாங்கியிருக்கலாம்.
மூன்று குளிர்காலத்தில் போன பணத்துக்கு இரண்டு வாங்கி
ஒன்றை மரத்தில் மோதியும் பார்த்திருக்கலாம்.

முன்சக்கரம் இழுக்கும்.
இழுத்த இழுப்புக்கெல்லாம் பின்பாதி வரும்.
இதை எழுதினால் என் கல்யாணத்தைச் சொல்கிறேன் என்பீர்கள்.
இல்லை. சக்கரத்தைத்தான் சொல்கிறேன்.

முன்சக்கரங்களின் நடுவில்
அறுத்த தண்டின் முனைகள் இன்னும் இருக்கின்றன.
எதையும் சுழற்றுவதில்லை.
ஆனால் எடுத்தால் பேரிங் கழன்றுவிடும்,
அதனால் இறுக்கிவைத்திருக்கிறோம்.
மர ஆலையில் இயந்திரத்தை விற்ற பிறகு
என்ஸியோவும் ஏழு மாதம் அப்படித்தான் இருந்தான்.
இது படிவத்துக்குத் தேவையில்லை. அடித்துவிடுங்கள்.

பிப்ரவரியில், மைனஸ் இருபத்திரண்டில்,
ட்ரெய்லரில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனோம்.
நம்பர் பிளேட் இல்லை; ஏரி உங்கள் அதிகாரத்துக்குள் வராது,
விசாரித்துவிட்டேன்.
முதல் கியர். இரண்டாவது.
முதுகுக்குக் கீழே யாரோ தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.
திருப்பத்தில் கொஞ்சம் அதிகமாக மிதித்தேன்,
என் வண்டியின் வால் என்னை முந்திக்கொண்டு போவதைப்
பக்கக் கண்ணாடி வழியே பார்த்தேன்.
ஸ்டியரிங் வலப்புறம், வண்டி இடப்புறம்,
கரையில் என்ஸியோவின் கைவிளக்கு
ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால், ஒருமுறை
எங்கேயென்றே தெரியவில்லை.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள், வருத்தப்பட்டு.
சம்பளத்துக்குப் பதினாறு வருடமாக
எதுவும் சறுக்காமல் ஓட்டுகிறேன், பூல்க்கினென்.
உப்பு, மணல், சங்கிலி, மணிக்கு முப்பது கிலோமீட்டர்.
எனக்கு அந்த முழம் வேண்டியிருந்தது.

கோட்டில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.
கடைசி எழுத்து ஓரத்தைத் தாண்டி
உங்கள் முத்திரைக்கான கட்டத்துக்குள் போய்விட்டது.

கைப்பிரேக் இழுத்தால் இப்போதைக்கு
இடது சக்கரம் மட்டும்தான் நிற்கும்.
வியாழக்கிழமைக்குள் சரிசெய்துவிடுவோம்.